ஆங்கிலத்தின் நேர்ப்பொருள் எங்கே இருக்கிறது?

1966 ஜூன் மாதம், நியூயார்க். கடனில் மூழ்கிய ஒரு சினிமா கம்பெனியின் முதலாளியை, கடன் கொடுத்தவர்களின் வழக்கறிஞர் பிரமாணத்தின் பேரில் விசாரித்துக்கொண்டிருந்தார். முதலாளியின் பெயர் சாமுவேல் பிரான்ஸ்டன். ‘எல் சித்’ போன்ற பிரமாண்டமான படங்களை ஸ்பெயினில் எடுத்தவர். பணமெல்லாம் எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும்.

“ஸ்விஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு ஏதும் இருக்கிறதா?”

“இல்லை, சார்.”

“எப்போதாவது இருந்ததா?”

“கம்பெனிக்கு அங்கே ஒரு ஆறு மாசம் கணக்கு இருந்தது, ஜூரிக்கில்.”

வழக்கறிஞர் அத்தோடு அதை விட்டுவிட்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1959 முதல் 1964 வரை ஜெனீவாவில் பிரான்ஸ்டனின் சொந்தப் பெயரிலேயே ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதில் 1,80,000 டாலருக்கு மேல் வரவு செலவு நடந்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், மேலே உள்ள இரண்டு பதில்களில் எது பொய்? சாட்சி சொன்ன அன்று அவருக்கு ஸ்விஸ் கணக்கு இல்லை; மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே முதல் பதில் உண்மை. கம்பெனிக்கு ஜூரிக்கில் கணக்கு இருந்ததும் உண்மை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட எவரும், இவருக்கு என்று சொந்தக் கணக்கு ஒருபோதும் இருந்ததில்லை போல என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஜூரி அப்படித்தான் எடுத்துக்கொண்டது, பொய்ச்சாட்சி என்று தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 1973இல் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைக் கவிழ்த்தார்கள். சொன்ன வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையாக இருந்தால் அதற்குப் பொய்ச்சாட்சித் தண்டனை கிடையாது. சாட்சி மழுப்பினால் துருவிக் கேட்டு மடக்குவது வழக்கறிஞரின் வேலை என்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார்.

சட்டம் எனக்குத் தொழில் அல்ல என்பதால் தீர்ப்பு சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. ஜூரி காதில் விழாத ஒரு வாக்கியத்தைக் கேட்டது. ‘எனக்குச் சொந்தக் கணக்கு இருந்ததில்லை’ என்ற வாக்கியத்தை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவே இல்லை. அப்படியிருக்க அது எங்கிருந்து வந்தது?

அந்த விசாரணைக்கு மறு வருடம், 1967இல், பால் கிரைஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் ஹார்வர்டில் ஒரு தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். பிரான்ஸ்டனுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அவர் பேசியது இந்தப் புதிரைப் பற்றித்தான். பேச்சு என்பது இருவர் சேர்ந்து செய்யும் காரியம் என்றார் கிரைஸ். எதிரே இருப்பவர் தேவையான அளவு சொல்வார், தெரிந்தே பொய் சொல்ல மாட்டார், கேட்டதற்குச் சம்பந்தமாகப் பேசுவார், புரியும்படி பேசுவார் என்ற நான்கு எதிர்பார்ப்புகளோடுதான் நாம் காது கொடுக்கிறோம். பேசுபவர் இவற்றில் ஒன்றை மீறுவதுபோலத் தெரிந்தால், ‘காரணம் இல்லாமல் இப்படிச் சொல்ல மாட்டாரே’ என்று நம் மூளை ஒரு வாக்கியத்தைத் தானாகவே கட்டிக்கொள்கிறது.

கிரைஸ் தந்த உதாரணங்களில் ஒரு சிபாரிசுக் கடிதம் பிரசித்தம். தத்துவத் துறை வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு அவருடைய பேராசிரியர் எழுதுகிறார்: இவருடைய ஆங்கிலம் சிறப்பாக இருக்கிறது, வகுப்புக்கு ஒழுங்காக வந்திருக்கிறார். அவ்வளவுதான் கடிதம். தத்துவத்தில் ஆள் தேறமாட்டார் என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. வேலை மட்டும் கிடைக்காது.

வாக்கியத்தில் இருக்கும் நேர்ப்பொருளையும் நாம் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பொருளையும் பிரிக்க கிரைஸ் ஒரு சோதனையும் கொடுத்தார். குறிப்பை ரத்து செய்யலாம், நேர்ப்பொருளை ரத்து செய்ய முடியாது. ‘சம் ஸ்டூடன்ட்ஸ் பாஸ்டு’, அதாவது சில மாணவர்கள் தேறினார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னால், எல்லோரும் தேறவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் ‘சொல்லப்போனால் எல்லோருமே தேறினார்கள்’ என்று தொடர்ந்தால் முரண்பாடு எதுவும் வராது. ‘சில மாணவர்கள் தேறினார்கள், ஒருவரும் தேறவில்லை’ என்றுதான் சொல்ல முடியாது. ஆக, ‘எல்லோரும் அல்ல’ என்பது சம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் அல்ல, அதன் மேல் நாம் போட்டுக்கொண்ட குறிப்பு. பிரான்ஸ்டனின் பதிலையும் இப்படிச் சோதிக்கலாம். ‘கம்பெனிக்கு ஜூரிக்கில் இருந்தது, எனக்கு ஜெனீவாவில் இருந்தது’ என்று அவர் முடித்திருந்தால் எந்த முரண்பாடும் இல்லை.

இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு சுத்தமாக விழுவதில்லை. அதே வழக்கில் கீழ் நீதிமன்ற நீதிபதி ஜூரிக்கு ஒரு உதாரணம் சொன்னார். ஒரு கடைக்கு அன்று எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்கிறார்கள். ஐம்பது தடவை போனவர் ‘ஐந்து தடவை’ என்கிறார். ஐம்பது தடவை போனவர் ஐந்து தடவையும் போயிருக்கிறார்தானே! இது நேர்ப்பொருளில் உண்மையா? ஃபைவ் என்றால் ‘குறைந்தது ஐந்து’ என்று ஒரு அணி மொழியியலாளர்கள் சொல்கிறார்கள், ‘சரியாக ஐந்து’ என்று இன்னொரு அணி. அரை நூற்றாண்டாக இந்தச் சண்டை ஓயவில்லை. ஐந்து என்ற எண்ணுக்கே இந்தக் கதி என்றால் மற்ற சொற்களை யோசித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடக் கறாரானவர்கள். பிரான்சில் ஐரா நோவெக் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ‘சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீளமான கழுத்து உண்டு’ என்பதைப் போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, சரியா தவறா என்று கேட்டார்கள். எல்லா ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்து நீளம்தானே என்று பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மறுத்தார்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். தர்க்கப் பாடத்தின்படி மதிப்பெண் போட்டால் பிள்ளைகள்தான் முதலிடம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு ஒரு சித்திரம் மனதில் வந்திருக்கும். முதலில் சொற்களைக் கூட்டி நேர்ப்பொருளைக் கண்டுபிடிக்கிறோம். அது பொருந்தாவிட்டால் குறிப்பைத் தேடுகிறோம். 1970களில் அறிஞர்கள் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் நம்பினார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒருவர் ‘கேன் யூ பாஸ் த சால்ட்?’ என்கிறார். அடுத்தவர் முதலில் அதை ‘உப்பை எடுத்துத் தரும் சக்தி உமக்கு உண்டா?’ என்று புரிந்துகொள்கிறாராம். கை கால் நன்றாக இருப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்களே என்று யோசித்து, பிறகு ‘உப்பைக் கொடுங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு வந்து சேர்கிறாராம். 1975இல் தத்துவ அறிஞர் ஜான் சர்ல் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக எழுதியே காட்டினார். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் கடிகாரத்தை வைத்து அளந்தபோது கதை மாறியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சாம் குளக்ஸ்பர்க்கும் இரண்டு சகாக்களும் 1982இல் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். திரையில் ஒவ்வொன்றாக ஆங்கில வாக்கியம் வரும். நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ‘சில பழங்கள் மேஜைகள்’ என்று வந்தால் சட்டென்று ‘பொய்’. ‘சில வேலைகள் பாம்புகள்’ என்றாலும் அப்படியே. நடுவில் ‘சில வேலைகள் சிறைகள்’ என்று ஒன்று வரும். இதுவும் நேர்ப்பொருளில் பொய்தான். எந்த வேலைக்கும் கம்பியும் பூட்டும் கிடையாது. ஆனால் இங்கே மட்டும் விரல் தயங்கியது, பதில் வரக் கூடுதல் நேரம் ஆனது.

ஏன்? உருவகப் பொருளைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. ஆனாலும் அலுப்பூட்டும் ஆபீஸ், பிடிக்காத மேலாளர், நகராத கடிகாரம் எல்லாம் கேட்காமலே மனதில் வந்து நின்று ‘உண்மைதானே’ என்கின்றன. அந்த உண்மையைத் தள்ளிவிட்டுத்தான் ‘பொய்’ என்ற பொத்தானுக்குப் போக முடிகிறது. நேர்ப்பொருள் தோற்ற பிறகு வரும் விருந்தாளியாக உருவகம் இருந்தால் இந்தத் தாமதத்துக்கு இடமே இல்லை.

மரபுத்தொடர்களில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ‘பிரேக் தி ஐஸ்’ என்றால் பனிக்கட்டியை உடைப்பது என்றும் சொல்லலாம். அறிமுகமில்லாதவர்களிடையே தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவது என்பது அதன் புழக்கப் பொருள். டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் 1979இல் இத்தகைய தொடர்களையும் ‘பிரேக் த கப்’ போன்ற சாதாரணத் தொடர்களையும் கலந்து காட்டி, இது பொருளுள்ள ஆங்கிலத் தொடர்தானா என்று கேட்டார்கள். மரபுத்தொடர்களுக்குத்தான் பதில் விரைவாக வந்தது. ரேமண்ட் கிப்ஸ் 1980இல் இன்னொரு படி மேலே போனார். ஒரே மரபுத்தொடரை ஒரு கதையில் புழக்கப் பொருளிலும் இன்னொரு கதையில் நேர்ப்பொருளிலும் முடிய வைத்தார். நேர்ப்பொருளில் முடிந்த கதையைப் புரிந்துகொள்ளத்தான் ஆங்கிலம் பேசுவோருக்கு அதிக நேரம் பிடித்தது.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மரபுத்தொடரைக் கேட்கும்போது நேர்ப்பொருளும் ஓரமாக எழுகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. புதிய, யாரும் கேட்டிராத உருவகத்துக்கு மூளை கூடுதலாக உழைக்கத்தான் செய்கிறது. ‘எப்போதும் நேர்ப்பொருள் முதலில்’ என்ற பழைய விதி மட்டும் செத்துவிட்டது. எந்தப் பொருள் அதிகப் பழக்கமோ, எது அந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ அது முந்திக்கொள்கிறது.

சரி, வரிசை எப்படியிருந்தாலும் நேர்ப்பொருள் என்று ஒன்று வாக்கியத்துக்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? உப்புக்குப் படி போட்டுக் காட்டிய அதே சர்ல், 1978இல் இதற்கும் ஒரு குடைச்சல் கொடுத்தார். ‘த கேட் இஸ் ஆன் த மேட்.’ பாயின் மேல் பூனை. இதைவிட வெகுளியான ஆங்கில வாக்கியம் கிடையாது. இப்போது பூனையையும் பாயையும் ஈர்ப்பு விசையே இல்லாத விண்வெளியில் மிதக்க விடுங்கள். பூனை பாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேல் எது, கீழ் எது? பூனை பாயின் மேல் இருக்கிறதா, பாய் பூனையின் மேல் இருக்கிறதா? அகராதியில் ‘ஆன்’ என்ற சொல்லுக்கு எதிரே பூமியின் ஈர்ப்பு விசையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாம் அதைச் சேர்த்துத்தான் படித்துவந்திருக்கிறோம் என்பது விண்வெளிக்குப் போகும்வரை தெரிவதில்லை.

பூமியிலேயே இதைக் காட்டிய வாக்கியம் ஒன்று உண்டு. டெரி வினோகிராட் என்ற கணினி ஆய்வாளர் 1972இல் எழுதியது. ஊர்வலக்காரர்களுக்கு நகர மன்றத்தினர் அனுமதி மறுத்தார்கள், ஏனெனில் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். இதில் ‘அவர்கள்’ யார்? நகர மன்றத்தினர். ‘அஞ்சினார்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘தூண்டினார்கள்’ என்று போடுங்கள். ‘அவர்கள்’ மறு பக்கம் தாவி ஊர்வலக்காரர்கள் ஆகிவிட்டார்கள். இலக்கணத்தில் ஒன்றும் மாறவில்லை. நகர மன்றங்களையும் ஊர்வலங்களையும் பற்றி நமக்குத் தெரிந்ததுதான் அந்தச் சொல்லைப் பிடித்துத் திருப்பியது. கணினிகளின் மொழியறிவைச் சோதிக்க இந்த மாதிரி வாக்கியங்களைப் பின்னால் தேர்வுத்தாளாகவே வைத்தார்கள்.

இதெல்லாம் தத்துவப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்த ஸ்மித் வழக்கைப் பார்க்க வேண்டும். ஜான் ஆங்கஸ் ஸ்மித் ஒரு தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்துப் பதிலுக்குக் கொக்கெயின் வாங்க முயன்றார். எதிரே இருந்தவர் மாறுவேடத்தில் வந்த போலீஸ். போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியை ‘யூஸ்’ செய்தால் கூடுதல் தண்டனை என்கிறது சட்டம். ஸ்மித்தின் துப்பாக்கி இருந்த வகைக்கு அது 30 வருடம். ஸ்மித் யாரையும் சுடவில்லை, மிரட்டவும் இல்லை. பண்டமாற்றுப் பொருளாகத்தான் நீட்டினார். இது யூஸ் ஆகுமா?

ஆகும் என்றார்கள் ஆறு நீதிபதிகள். அகராதியைத் திறந்து, யூஸ் என்றால் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது, இவரும் பயன்படுத்தினார் என்றார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். மறுப்புத் தீர்ப்பை எழுதியவர் ஆண்டனின் ஸ்காலியா. சட்டத்தின் வாசகத்தை விட்டு அங்குலமும் நகரக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ‘நீங்கள் கைத்தடி உபயோகிக்கிறீர்களா?’ என்று ஒருவர் கேட்டால், தாத்தாவின் வெள்ளிப் பிடி போட்ட தடியைக் கூடத்தில் அழகுக்கு மாட்டியிருக்கிறீர்களா என்றா கேட்கிறார், ஊன்றி நடக்கிறீர்களா என்றுதானே கேட்கிறார் என்பது அவருடைய வாதம். வாசகத்தின் காவலர் அகராதிக்கு எதிராக நின்றார் என்பதைக் கவனியுங்கள். என் வாக்கு ஸ்காலியாவுக்கு. அகராதி ஒரு சொல் தொடக்கூடிய எல்லா இடங்களையும் பட்டியல் போடுகிறது; ஒரு வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்று சொல்வது அகராதியின் வேலை அல்ல. 2007இல் இதே நீதிமன்றம், போதைப்பொருளைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்குகிறவர் துப்பாக்கியை யூஸ் செய்தவர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. ஒரே பண்டமாற்றில் ஒரு பக்கம் இருப்பவருக்கு ஒரு பொருள், மறு பக்கம் இருப்பவருக்கு இன்னொரு பொருள்!

இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நேர்ப்பொருள் விதி என்றே ஒரு விதி இருந்தது. 1868இல் வைட்லி என்பவருக்கும் சாப்பல் என்பவருக்கும் நடந்த வழக்கில், இறந்துபோன ஒருவரின் பெயரில் கள்ள ஓட்டுப் போட்டவர் தப்பித்தார். ‘வாக்களிக்கத் தகுதியுள்ள எவரைப் போலவும்’ நடிப்பது குற்றம் என்றது சட்டம். செத்தவருக்கு வாக்களிக்கத் தகுதி இல்லை. ஆகவே குற்றம் இல்லை.

‘லிட்டரலி’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். ‘நேர்ப்பொருளிலேயே’ என்று பொருள்படும் இந்தச் சொல்லை வெறும் அழுத்தத்துக்குப் போடுவதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஏற்றுக்கொண்டது என்று 2013இல் செய்தி பரவியபோது ஆங்கில உலகம் துக்கம் கொண்டாடியது. பிரான்செஸ் புரூக் 1769இல் எழுதிய நாவலிலேயே அந்தப் பயன்பாடு இருக்கிறது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் 1909இலேயே அதைப் பதிவு செய்துவிட்டது. துக்கம் கொஞ்சம் தாமதம்.

ஆட்டிசம் உள்ளவர்கள் எதையும் நேர்ப்பொருளில்தான் எடுப்பார்கள் என்று பாடப்புத்தகங்களே எழுதிவந்தன. அண்மை ஆய்வுகள் இவ்வளவு ஒரேயடியாகச் சொல்வதில்லை. சொல்வளமும் மொழித்திறனும் உள்ள ஆட்டிசக் குழந்தைகள் பலர் உருவகத்தை மற்றவர்களைப் போலவே பிடித்துவிடுகிறார்கள். தடுமாறுவது பெரும்பாலும் மொழித்திறன் குறைந்தவர்கள். ஆட்டிசம் இல்லாமலும் அப்படிக் குறைந்தவர்கள் உண்டு.

நம்மைப் போல ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் படித்தவர்களின் கதை தனி. ஆன்னா சிஷ்லிட்ஸ்கா என்ற ஆய்வாளர், ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சியுள்ள போலந்து மாணவர்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட முடிவு இது: ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த மரபுத்தொடரைக் கேட்கும்போதும் அவர்கள் மனதில் தனித்தனிச் சொற்களின் நேர்ப்பொருள்தான் வலுவாக எழுகிறது. தாய்மொழிக்காரர் தொடரை மொத்தமாக விழுங்குகிறார், நாம் சொல் சொல்லாக மெல்கிறோம். காரணம் எளிது. ஐஸ் என்ற சொல்லை எல்.கே.ஜி.யில் படத்தோடு படித்தோம். பிரேக் தி ஐஸ் பத்து வருடம் கழித்து, பரீட்சைக்கு முதல் நாள், பட்டியலில் வந்தது.

‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர்?’ என்று ஒருவர் கேட்டால் ‘எஸ்’ என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போகிற நம்மவர்கள் ஏராளம். கதவைத் திறப்பதில் ஆட்சேபம் உண்டா என்பது கேள்வி; ‘நோ’ என்று சொல்லிவிட்டுத் திறப்பதுதான் மரியாதை. இதற்கு இலக்கணப் பாடம் உதவாது. பத்து இடத்தில் கேட்டுப் பழகினால் வந்துவிடும். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மரபுத்தொடர்களைப் பொருளோடு பட்டியலாகக் கொடுக்காதீர்கள், உரையாடலோடு கொடுங்கள்.

ஆனால் நேர்ப்பொருளைப் பிடித்துத் தொங்கும் இதே குணம் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. தள்ளுபடி விளம்பரத்தில் ‘அப் டு 50 பர்சென்ட் ஆஃப்’ என்று போட்டிருக்கும். ஒரே ஒரு சட்டைக்கு 50 சதவீதமும் மற்ற எல்லாவற்றுக்கும் 5 சதவீதமும் கொடுத்தாலும் அந்த வாக்கியம் உண்மைதான். இன்சூரன்ஸ் பாலிசியில் ‘மே பி கவர்ட்’ என்றால் பணம் தருவோம் என்று பொருள் இல்லை, தரலாம் என்றுதான் பொருள். வேலை ஒப்பந்தத்தில் ‘சம் எக்ஸ்பென்சஸ்’ என்றால் எவை என்று அதில் இல்லை. கையெழுத்துப் போடும் முன் அங்கே நீங்களாகக் கட்டிக்கொண்ட வாக்கியம் எது என்று பாருங்கள். அதைக் கேள்வியாக்கி ஈமெயிலில் அனுப்புங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.